விழித்திருந்தவர்களின் தலைமாட்டில்

ரேவதிக்கும் செந்திலுக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கௌசல்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த டெக்னீஷியன். "அண்ணே, இப்ப அப்லேஷன் கேஸ் எல்லாத்துக்கும் மயக்க டாக்டர் வந்துடறாரு. பேஷண்ட் படுத்ததும் தூங்கிடறாங்க. அந்தக் காலத்துல முழிச்சிட்டிருக்கும்போதே நெஞ்சுக்குள்ள சுடுவீங்களாமே, நெசமாண்ணே?" என்று கேட்டாள். அந்தக் காலம் என்கிறாள், ஏதோ ராஜா காலம் மாதிரி. "நெசந்தாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். மேலே பேச எனக்குத் தெம்பு இல்லை.

உங்களுக்கும் நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. பள்ளிக்கூட ஃபாரத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் "ஆஸ்பத்திரி என்று மட்டும் போடு" என்பேன். செந்தில் ஒரு தடவை "டாக்டரா, நர்ஸா, ரெண்டுல ஒண்ணு சொல்லுப்பா" என்று அழுதான். இரண்டும் இல்லை. பத்தாவது வரை படித்தேன். கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் இரண்டு சீசன் வேலை. பிறகு ஓசூர் வந்து ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், எக்ஸ்ரே அறையில் பிளேட் மாற்றினேன். இருதயப் பிரிவு திறந்தபோது, இருதயத்துக்குள் வயர் விட்டு வைத்தியம் பார்க்கிற கேத் லேபுக்கு ஆள் கேட்டார்கள். எனக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும். நம் ஊரில் அது ஒரு அதிசயமா? ஆனாலும் அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

எனக்குக் கொடுத்த இடம் மேசையின் தலைமாடு. இருதயத் துடிப்பு தறிகெட்டு ஓடுகிறவர்களுக்கு அப்லேஷன் என்று ஒரு சிகிச்சை. தொடை இடுக்கில் மரத்துப்போகிற ஊசி போட்டு, ரத்தக் குழாய் வழியாக மெல்லிய வயர்களை இருதயம் வரைக்கும் கொண்டுபோவார்கள். துடிப்பு எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் படம் எடுத்து, அந்த இடத்தை வயரின் நுனியால் சூடு வைத்து அணைப்பார்கள். ஒரு இடத்துக்கு அரை நிமிஷம். அப்படி எத்தனையோ இடம். மூன்று மணி, நாலு மணி நேரம்கூட ஆகும். அத்தனை நேரமும் பேஷண்ட் பெஞ்சு அகல மேசையில் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். நாங்கள் எக்ஸ்ரே படாமலிருக்க ஈயம் வைத்த ஏப்ரன் மாட்டிக்கொண்டு நிற்போம். என் இடுப்பு போனது அதில்தான். உங்கள் அம்மா தைலம் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போனாள்.

தொடையில் போடும் ஊசி தொடைக்குத்தான். உள்ளே சுடும்போது அது காப்பாற்றாது. அதற்கு டிரிப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போடுவோம். அரைத் தூக்கம். கூப்பிட்டால் "ம்" என்பார்கள். சில இடங்களில் அது போதும். இருதயத்தின் பின்பக்கச் சுவரில் சுடும்போது போதாது. நெஞ்சில் ஆரம்பித்து முதுகுக்குப் போய் தாடை வரைக்கும் இழுக்கும் என்பார்கள். அதிகம் போட்டால் மூச்சு இறங்கிவிடும். மூச்சைப் பார்த்துக்கொள்ள மயக்க டாக்டர் வேண்டும், அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். நன்றாகத் தூங்கிவிட்டால் சிலருக்கு அந்தக் கெட்ட துடிப்பே ஒளிந்துகொள்ளும், பிறகு எதைச் சுடுவது என்றும் டாக்டர் சொல்வார். எல்லாமே உண்மையான காரணம்தான். ஒன்றும் பொய் இல்லை.

ஆகவே என் வேலை இதுதான். பேஷண்ட்டின் இடது கையைப் பிடித்துக்கொள்வேன். "வலிச்சா ஒரு தடவை அமுக்குங்க. தாங்க முடியலன்னா ரெண்டு தடவை அமுக்குங்க. வாயால பேசினா நெஞ்சு அசையும், அதனால கையாலயே சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல், என்னைக் கேட்பார். நான் பதில் சொல்வேன். அதை வைத்து அவர் நிறுத்துவார், அல்லது சிஸ்டர் ரோஸ்லினை இன்னொரு டோஸ் போடச் சொல்வார், அல்லது தொடருவார்.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். கன்னடக்காரர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் "முனிராஜா" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும், "முனிராஜ் அவரே" என்பார். அந்த "அவரே"வைக் கேட்டால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொள்வோம். சூடு வைக்கும்போது வாய்விட்டு எண்ணுவார், "ஹத்து, இப்பத்து, மூவத்து" என்று. பத்து, இருபது, முப்பது. முப்பதில் கால் பெடலை விடுவார். கன்னடம் தெரியாத பேஷண்ட்கூட இரண்டாவது தடவையிலேயே அந்த எண்களைக் கற்றுக்கொள்வார்கள். "மூவத்து" என்றதும் அவர்கள் மூச்சு வெளியே வருவதை நான் உள்ளங்கையிலேயே உணர்வேன்.

ஜவளகிரியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். வயதானவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பின்சுவரில் சுட ஆரம்பித்ததும் கையை அமுக்குவதெல்லாம் மறந்துபோய், கண்ணை மூடிக்கொண்டே தெலுங்கில் டாக்டரின் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்துத் திட்டினார். "ராகிக் காட்டுல யானை வந்தப்பகூட ஒதுங்கி நின்னு போச்சுரா. இவன் நெஞ்சு மேலயே ஏறி நிக்கறானே" என்று முடித்தார். சிஸ்டர் ரோஸ்லினுக்குத் தெலுங்கு தெரியும். மாஸ்குக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன சொல்றார்?" என்றார் டாக்டர்.

"சாமியைக் கூப்பிடறார் சார்."

"ஒள்ளேயது" என்றார் டாக்டர். நல்லது என்று அர்த்தம். தொடர்ந்து சுட்டார். அந்தப் பெரியவர் நன்றாகி வீட்டுக்குப் போனார். அந்தக் கதையைச் சொல்லி நாங்கள் கேண்டீனில் ரொம்ப நாள் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதை நான் டாக்டரிடம் சேர்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் யாரும் என்னைத் தப்பு சொல்லவில்லை. நல்ல ஆள், லேபைக் கலகலப்பாக வைத்திருக்கிறான் என்றுதான் பேர் வந்தது.

இனிமேல் எழுதுவது சுடலைமுத்துவைப் பற்றி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் எழுதி நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஓசூரில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் பதினாறு வருஷமாக ஆபரேட்டர். மத்திகிரியில் வாடகை வீடு. மனைவி பேச்சியம்மாள், ஒரு மகன். இருதயத்தின் மேல் அறை தப்புத்தப்பாகத் துடித்து, இரண்டு தடவை மிஷின் முன்னாலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கம்பெனி டாக்டர் அவரை பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிட்டார். அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. அது அவருக்கு ரொம்பக் கேவலமாகிவிட்டது. "ஆளாளுக்குப் பாத்து சிரிக்கானுவ அண்ணாச்சி. எப்படியாவது என்னைய மிஷினுக்குத் திருப்பி அனுப்பிருங்க" என்று வந்தார்.

மேசையில் படுக்க வைத்து, கையை அமுக்குகிற விஷயத்தைச் சொன்னேன்.

"அமுக்குனா என்ன செய்வாவ?"

"டாக்டர் நிறுத்திடுவார். மருந்து போட்டு, கொஞ்சம் பொறுத்து, திரும்ப ஆரம்பிப்பார்."

"அப்ப லைன் நின்னு போகும்" என்றார். பிறகு சிரித்தார். "எங்க ஷாப்புல லைன நிறுத்துனவன் பேரு போர்டுல ஏறும் அண்ணாச்சி. பதினாறு வருசத்துல எம்பேரு ஏறுனதில்ல. நீங்க கவலைப்படாதீங்க, நான் அசைய மாட்டேன்."

நல்ல ஆள் வந்தார் என்றுதான் நினைத்தேன். அங்கேயே நான் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். இது கம்பெனி இல்லை, இங்கே நிறுத்துவதுதான் சரி என்று. அன்று அவர் இரண்டாவது கேஸ். மூன்றாவது ஆள் வெளியே ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார்.

இரண்டு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. பின்சுவருக்கு வந்தார்கள். மூன்று டோஸ் மருந்து போட்டாகிவிட்டது. விரலில் மாட்டியிருக்கும் கிளிப்பில் ஆக்சிஜன் எண் கொஞ்சம் இறங்கியது. சிஸ்டர் ரோஸ்லின் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இதற்கு மேல் போட்டால் மயக்க டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அர்த்தம். அவர் தியேட்டரில் ஒரு சிசேரியனில் இருந்தார்.

"இன்னும் நாலு இடம்" என்றார் டாக்டர். "ஹத்து, இப்பத்து..."

என் கையில் சுடலைமுத்துவின் கை சும்மா கிடந்தது. ஒரு அமுக்கல்கூட இல்லை. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், கண் மூடியிருந்தது. ஆனால் மூடியிருந்த பச்சைத் துணிக்கு வெளியே, அந்தப் பக்கக் கடைசியில், இரண்டு கால் விரல்களும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன் கை மடங்குமே, அது மாதிரி. "மூவத்து" என்றதும் விரிந்தன. அடுத்த இடத்துக்கு மறுபடி மடங்கின. எனக்கு இருபது வருஷ அனுபவம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

"ஹேகித்தாரே?" என்றார் டாக்டர். எப்படி இருக்கிறார்?

கையைப் பார்த்தேன். கை ஒன்றும் சொல்லவில்லை. "ஏனூ ஹேளில்லா சார்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை சார்.

அது பொய் இல்லை. அதுதான் இத்தனை நாளும் என்னை அரித்தது. பொய்யாக இருந்திருந்தால் பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டிருப்பேன். "தாங்க முடியாமல் இருக்கார், நிறுத்துங்க சார்" என்று சொல்லியிருந்தால், மயக்க டாக்டர் வரும் வரைக்கும் எல்லோரும் ஏப்ரனோடு நின்றிருப்போம். மூன்றாவது கேஸ் தள்ளிப்போயிருக்கும். டாக்டர் "சரி முனிராஜ் அவரே" என்றிருப்பார். அவ்வளவுதானே, வேறு என்ன நடந்திருக்கும்?

மூன்றாவது இடத்தில், இருபது என்று எண்ணி முடிப்பதற்குள், சுடலைமுத்துவின் தோள் மேசையை விட்டு எழும்பியது. அவர் எழவில்லை. உடம்பு தானாக எழுந்தது. டாக்டர் பெடலை விட்டார், வயரை இழுத்தார். திரையில் இருந்த படம் இடம் மாறிவிட்டது. சில நிமிஷத்தில் பி.பி. நூறு, எண்பது, அறுபது என்று இறங்கியது. வயர் நுனி சுவரைத் துளைத்து, இருதயத்தைச் சுற்றியிருக்கும் பையில் ரத்தம் சேர்ந்துவிட்டது. டாக்டர் நெஞ்சுக்குழிக்குக் கீழே நீள ஊசியைச் செருகி ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார். அப்போதும் குரல் உயரவில்லை. மயக்க டாக்டர் தியேட்டர் செருப்போடு ஓடி வந்தார். நான் சுடலைமுத்துவின் கையைப் பிடித்தபடியேதான் நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டார். ஆனால் வேலை பாதியில் நின்றுவிட்டது.

வெளியே டாக்டர் பேச்சியம்மாளிடம், "அவர் அசைஞ்சிட்டார்மா. அதனால வயர் நழுவிடுச்சு" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதினார்கள். நோயாளி அசைந்தார். அதுவும் பொய் இல்லை.

மூன்றாம் நாள் ஐ.சி.யு.வில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நானும் இருந்தேன். சுடலைமுத்து படுத்தபடியே இரண்டு கையையும் கூப்பினார். டிரிப் ஊசி குத்தியிருந்த கை. "மன்னிச்சிக்கிடுங்க சார். சொன்ன பேச்ச காப்பாத்த முடியல. என்னால உங்களுக்குக் கெட்ட பேரு" என்றார். டாக்டர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் டிரிப் ஸ்டாண்டைச் சரிசெய்வது போல நின்றிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

துடிப்பு திரும்ப வந்துவிட்டது. இன்னொரு தடவை செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை. மாத்திரை வாங்க பேச்சியம்மாள் மட்டும் வருவாள். ஒரு நாள் பார்மசி வரிசையில் பிடித்துக் கேட்டேன்.

"பயப்படறாராம்மா?"

"பயமா? அவுகளுக்கா?" என்றாள். "மறுபடி அசைஞ்சிருவேன், டாக்டர் கைல சாவு நடந்ததா ஆயிரும், நான் லாயக்கில்லாதவன்ங்காவ அண்ணாச்சி. பேக்கிங்லகூட யார்ட்டயும் பேச்சு கெடையாது. மவன் சைக்கிள்லேருந்து விழுந்து அழுதப்ப, 'அழுடா, உங்கப்பன் மாதிரி வலி தாங்காதவன்தானே நீ'ன்னாவ. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. ரேவதி, உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உங்கள் அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "அப்ப அந்த மனுசன் சுமந்துட்டு சாவறது உங்க வெக்கத்தை" என்றாள். அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கேஸ் முடிந்து டாக்டர் ஏப்ரனைக் கழற்றும்போது சொன்னேன். கால் விரல்கள் மடங்கியதை, அதை நான் பார்த்ததை, பார்த்தும் சொன்ன பதிலை. "முனிராஜ் அவரே" வரும் என்று காத்திருந்தேன். அவர் ஏப்ரனை ஆணியில் மாட்டினார். வழக்கமாக நின்றுகொண்டே வெந்நீர் குடிப்பவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு தடவை சுடும்போதும் பி.பி. ஏறிச்சு. துடிப்பு ஏறிச்சு. திரை என் முன்னாடிதானே இருந்தது முனிராஜா? நானும் பார்த்தேன்" என்றார். "உன்னைக் கேட்டேன். ஒண்ணும் சொல்லலைன்னே. எனக்கு அன்னிக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது."

வெந்நீர் டம்ளரை எடுத்துக் குடித்து முடித்தார். பிறகு அவர், "அவர் வீடு தெரியுமா? நீ பார்த்ததை நீ போய்ச் சொல்லு. இங்கே வந்தா நான் பார்த்ததை நான் சொல்றேன். அடுத்த தடவை மயக்க டாக்டர் இல்லாம நான் செய்ய மாட்டேன். மேனேஜ்மெண்ட்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பேசினார். சுடலைமுத்துவின் அந்த ஒரு கேஸுக்கு மயக்க டாக்டர் ஏற்பாடானார். எல்லாக் கேஸுக்கும் வர இத்தனை வருஷம் ஆயிற்று. கௌசல்யாவிடம் இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்திகிரி டவுன் பஸ் ஏறினேன். வரிசை வீடுகளில் நாலாவது. பேச்சியம்மாள் நாற்காலி போட்டாள், காபி வைக்கப் போனாள். சுடலைமுத்து லுங்கி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியில் உட்காராமல் எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் கால் விரல்கள் மடங்கியதைப் பார்த்தும் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். நீங்கள் அசைந்ததால் கெடவில்லை, நான் சொல்லாததால் கெட்டது. அந்த வலிக்கு யாராக இருந்தாலும் அசைந்திருப்பார்கள்.

அவர் ரொம்ப நேரம் தன் பாதத்தையே பார்த்தார்.

"பாத்துக்கிட்டா இருந்தீரு?"

"ஆமாங்க."

"எட்டு மாசம்வே" என்றார். குரல் எழும்பவில்லை. "எட்டு மாசமா எம்மவன் மூஞ்சியப் பாக்காம சோறு திங்கேன். அன்னைக்கு ஐ.சி.யு.ல கையெடுத்துக் கும்பிட்டேன்லா. பக்கத்துலதான நின்னீரு? அந்த ஸ்டாண்டப் புடிச்சிக்கிட்டு?"

"ஆமாங்க."

"எந்திச்சிப் போயிரும்."

எழுந்தேன். பேச்சியம்மாள் காபி டம்ளரோடு வாசலில் நின்றாள். எனக்கு நீட்டவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல், கால்நடைப் பண்ணை மதிலை ஒட்டி நடந்தே வந்தேன்.

மூன்றாவது வாரம் அவர் ஓ.பி.க்கு வந்தார். டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் அரைமணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை. வெளியே வந்த டாக்டர், "வர்றேன்னுட்டார். ஒண்ணே ஒண்ணு கேட்டார். நீ உள்ளே இருக்கக் கூடாதாம்" என்றார்.

"சரி சார்" என்றேன்.

இரண்டாவது தடவை நல்லபடியாக முடிந்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சில மாதம் கழித்து அவர் பிரஸ்ஸுக்குத் திரும்பிப் போனார். ஒரு தடவை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மகனோடு பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு பஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்தார். அது அவருடைய உரிமை, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த சிகிச்சை நடந்த மூன்றரை மணி நேரத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அன்று கேத் லேபுக்கு வெளியே, சொந்தக்காரர்கள் உட்காரும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. உள்ளே மயக்க டாக்டர் இருந்தார், சிஸ்டர் ரோஸ்லின் இருந்தார். பேச்சியம்மாள் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு அவளாகவே கேட்டாள்.

"இப்ப அவுகளுக்கு வலிக்குமா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும். "கொஞ்சமா இருக்கும்மா." "ஊசி போட்டிருக்கும்மா, தெரியாது." யார் கேட்டாலும், எந்தப் பாஷையில் கேட்டாலும், வாய் தானாகச் சொல்லிவிடும். அன்றும் உதடு வரைக்கும் வந்துவிட்டது.

"தூங்க வச்சிருக்காங்க" என்றேன். "ஆனா நான் உள்ளே இல்லம்மா. எனக்குத் தெரியாது."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். பிறகு பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். நானும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.